மாடிப்படி விளக்கின் கணக்கு: பிரிட்டன் கவுன்சில் வீடுகளும் ‘சேவை’ என்ற சொல்லும்

கிழக்கு லண்டனில் கவுன்சில் கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஆண்டுதோறும் ஏப்ரலுக்கு முன்னால் வரும் வாடகைக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில இருக்கின்றன. வயதானவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் பிடிபடவில்லை. “தம்பி, நீங்கள் தமிழ் எம்.ஏ. தானே, இதை ஒருக்கா எங்கட சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதித் தாங்கோ” என்றார். அரைமணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் இழுத்தது. இழுத்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல்.

கடிதத்தின் மேல்வரியில் வாடகை இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக வரிகள்: மாடிப்படியைக் கூட்டிக் கழுவுவதற்கு, பொது விளக்குகளுக்கு, லிஃப்டுக்கு, வாசற்கதவின் மின்பூட்டுக்கு, புல்வெட்ட, டி.வி. ஆன்டெனாவுக்கு, கட்டடத்துக்கே பொதுவான கொதிகலனிலிருந்து வரும் சூட்டுக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தலைப்பு. ‘சேவைக் கட்டணம்’ என்று எழுதி முடித்திருக்கலாம். எழுதவும் செய்தேன். எழுதிய பிறகு உறுத்தியது. தமிழில் சேவை என்பது கீழேயிருந்து மேலே போவது. பெருமாளைச் சேவிக்கிறோம், பண்ணையாரைச் சேவித்துக்கொண்டிருந்தோம். ஒரு குடிமகனுக்கு நகரசபை சேவை செய்கிறது, அதற்கு அவன் காசு கொடுக்கிறான் என்ற வாக்கியம் நம் மொழிக்குள் வந்து சமீப காலம்தான் ஆகிறது. வங்கி, டெலிபோன், கேபிள் டி.வி. வழியாக வந்தது. வாடகைக்கு நம்மிடம் இருந்த பழைய சொல் குடிக்கூலி. ஓரிடத்தில் குடியிருப்பதற்கான கூலி. அதில் படிக்கட்டு தனி, விளக்கு தனி என்று கிடையாது. குடியிருந்தால் படியேறித்தான் ஆகவேண்டும். இதை நண்பரிடம் சொன்னபோது, “ஓம், இஞ்சயும் முந்தி அப்படித்தான் இருந்ததாம், பழைய ஆக்கள் சொல்லுவினம்” என்றார். அந்த ‘முந்தி’யைத் தேடிப் போனதில் சேர்ந்தவைதான் கீழே வருபவை.

பிரிட்டனில் அரசு வீடு கட்டித்தர வந்ததைக் கருணையின் வரலாறாகச் சொல்லும் வழக்கம் உண்டு. 1915இல் கிளாஸ்கோ நகரில் கோவன், பார்ட்டிக் பகுதிப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்து நடத்திய போராட்டத்தை விட்டுவிட்டு அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. முதல் உலகப்போருக்காகக் கப்பல் பட்டறைகளிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக அமைப்புக் கட்டி, வெளியேற்ற வந்த அதிகாரிகளை வாசலிலேயே நிறுத்தினார்கள். நவம்பரில் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. போர் முடிந்து 1919இல் அடிசன் சட்டம் வந்தது. அரசு மானியத்துடன் நகரசபைகள் வீடு கட்டவேண்டும் என்றாயிற்று.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமானது யாரும் அதிகம் பேசாத 1935ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை எந்த ஆண்டு எந்தச் சட்டத்தின்கீழ் கட்டிய வீடோ அதற்குத் தனிக் கணக்கு. 1935க்குப் பிறகு ஒரு நகரசபையின் எல்லா வீடுகளுக்கும் ஒரே கணக்குப் புத்தகம். பழைய, கடன் அடைபட்ட வீடுகளின் வாடகை புதிய வீடுகளின் செலவைத் தாங்கலாம். லிஃப்ட் உள்ள கட்டடத்தின் செலவை லிஃப்ட் இல்லாத தெருவின் வாடகையும் சேர்ந்து சுமக்கலாம். எல்லாம் ஒரே குளத்தில் போய்ச் சேரும். மாடிப்படி விளக்கு எவ்வளவு எரிந்தது, யாருக்காக எரிந்தது என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை. இதை யாரும் சோஷலிசம் என்று அழைத்ததாகத் தெரியவில்லை. கணக்கர்களின் வசதி என்றுதான் அது வந்திருக்கவேண்டும். ஆனாலும் ஒரு பொதுமை அந்தக் கணக்கேட்டுக்குள் ஒளிந்திருந்தது.

அந்தப் பொதுமை கட்டடமாக எழுந்து நின்ற இடங்களும் உண்டு. லண்டன் பிம்லிகோவில் 1950இல் ஒரு ஏற்பாடு தொடங்கியது. தேம்ஸ் ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த பேட்டர்ஸீ மின்நிலையம் வீணாக வெளியேற்றிய சூட்டை, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டுக் கொண்டுவந்து, சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பின் வீடுகளைக் கதகதப்பாக்கினார்கள். சூடான நீரைச் சேர்த்துவைக்கக் கண்ணாடி போர்த்திய ஒரு கோபுரம். மின்நிலையம் 1983இல் மூடப்பட்டது. கோபுரம் நிற்கிறது, சூடு வேறு கொதிகலன்களிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி அடுப்புக் கரி எரிந்து நகரமே புகைந்துகொண்டிருந்த காலத்தில் இது ஒரு கனவு. பகிர்ந்துகொள்வது மலிவு, பகிர்ந்துகொள்வது நவீனம் என்று நம்பிய காலத்தின் கனவு. எழுபதாண்டு கழித்து இதே ‘பொதுச் சூடு’ ஏழைகளின் கழுத்தில் எப்படி வந்து இறுகியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தப் பொதுக் கணக்கை நான் புனிதமாக்கவில்லை. யாருடைய பொது என்று கேட்காமல் பொது என்ற சொல்லை உச்சரிக்கக்கூடாது. ஹேக்னி நகரசபையின் வீடு ஒதுக்கீட்டை ஆராய்ந்து இனச் சமத்துவ ஆணையம் 1984இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நல்ல வீடுகளும் புதிய வீடுகளும் வெள்ளையருக்கே அதிகம் போயின, கறுப்பினத்தவருக்கு மட்டமானவை தள்ளிவிடப்பட்டன என்று அது காட்டியது. எல்லோரும் ஒரே குளத்தில் பணம் போட்டார்கள், எல்லோருக்கும் ஒரே தண்ணீர் கிடைக்கவில்லை. குளம், பொது, ஒதுக்கம் என்றெல்லாம் எழுதும்போது நமக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சரி, அந்த மாடிகள் ஏன் அவ்வளவு உயரம்? லிஃப்டுக்குக் காசு கேட்கிறார்களே, லிஃப்ட் வேண்டும் என்று யார் கேட்டது? கவுன்சில் வீட்டுக்கு மனுப்போட்ட பெரும்பாலோர் சின்னத் தோட்டத்தோடு தரையில் ஒரு வீடு கிடைக்குமா என்றுதான் பார்த்தார்கள். 1956இல் டங்கன் ஸாண்டிஸ் அமைச்சராக இருந்தபோது வந்த மானியச் சட்டம், கட்டடம் உயர உயர மானியமும் உயரும் என்று விதித்தது. நான்கு மாடிக் கட்டடத்தில் வீடொன்றுக்கு ஆண்டுக்கு 32 பவுண்டு, ஆறு மாடி என்றால் 50, அதற்குமேல் ஒவ்வொரு மாடிக்கும் இன்னும் கொஞ்சம். நகரசபைகள் வானத்தைப் பார்க்கத் தொடங்கின. வார்ப்புக் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டடம் எழுப்பும் பெரிய ஒப்பந்தக் கம்பெனிகள் கொழுத்தன. 1967இல் இந்த மானியம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மே 16ஆம் தேதி விடிகாலையில் நியூஹாமில் 22 மாடி ரோனன் பாயின்ட் கட்டடத்தின் ஒரு மூலை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தபோது கசிந்திருந்த வாயு வெடித்தது. நான்கு பேர் செத்தார்கள். குடியேறி இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது.

அதன்பின் இதுபோன்ற கட்டடங்கள் பலவற்றில் எரிவாயு இணைப்பைப் பிடுங்கினார்கள். அந்த இடங்களில் மின்சாரச் சூடுதான் கதி, அதுவோ ரொம்பச் செலவு. எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்து மின்கட்டணம் ஏற, குடியிருந்தவர்கள் சூட்டை அணைத்துவைத்தார்கள். சுவர் வியர்த்தது, பூஞ்சை படர்ந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், சன்னலைத் திறப்பதில்லை, வாழத் தெரியவில்லை என்றார்கள். ஒரு கட்டடம் செய்த தப்பு அதில் குடியிருப்பவரின் பழக்கமாக மாறிப்போவதை இங்கே கவனிக்கலாம். உயரமும் அரசின் முடிவு, சூட்டின் வகையும் அரசின் முடிவு. அந்த முடிவுகளின் தினசரிச் செலவுதான் பின்னால் ‘உங்களுக்கு நாங்கள் வழங்கும் சேவை’ என்ற பெயரில் வீடு தேடி வருகிறது.

1972இல் கன்சர்வேடிவ் அரசு கவுன்சில் வாடகைகளை உயர்த்தச் சட்டம் கொண்டுவந்தது. டெர்பிஷயரில் கிளே கிராஸ் என்ற சின்ன ஊரின் பதினொரு லேபர் உறுப்பினர்கள் உயர்த்தமாட்டோம் என்று நின்றார்கள். தண்டம் கட்டவேண்டியதாயிற்று, பதவியும் போயிற்று. அந்த எதிர்ப்பை எல்லோருக்கும் தெரியும். 1980இல் தாட்சர் அரசு குடியிருப்பவருக்கு வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கும் உரிமை கொடுத்ததும் தெரிந்த கதை. தெரியாத கதை படிக்கட்டில் நடந்தது. அடுக்குமாடி வீட்டை வாங்கியவனுக்குத் தரையும் கூரையும் சொந்தமாகாது. நீண்டகாலக் குத்தகைதான் கிடைக்கும். கட்டடம் கவுன்சிலுடையது. ஆக ஒரே படிக்கட்டில் ஏறும் இரண்டு பேர், ஒருவர் குத்தகைக்காரர், மற்றவர் வாடகைக்காரர். குத்தகைக்காரர் தன் பங்குச் செலவை உள்ளபடி கட்டவேண்டும். கூரை மாற்றினாலும் லிஃப்ட் மாற்றினாலும் பங்கு உண்டு. நியூஹாமில் 93 வயது மூதாட்டி ஒருவருக்குக் கூரை வேலைக்கென்று ஐம்பதாயிரம் பவுண்டுக்குச் சீட்டு அனுப்பினார்கள். அந்த அநியாயம் பேசப்பட்டுத்தான் 2014இல், மத்திய அரசின் பணம் கலந்த வேலைகளுக்கு மட்டும், ஐந்தாண்டில் லண்டனுக்குள் 15,000, வெளியே 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

ஆனால் அந்தக் குத்தகைக்காரரிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு நிலவுடைமையாளர் - குடித்தனக்காரர் சட்டப்படி, செலவு நியாயமானதுதானா என்று கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ரசீதுகளைக் காட்டு எனலாம். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு ஒரு வரியில் சொல்லிவிடுகிறது: உள்ளாட்சி அமைப்பின் வாடகைக்காரருக்கு, அவர் நீண்டகாலக் குத்தகைக்காரராக இல்லாதவரை, இதெல்லாம் கிடையாது. சொத்து உள்ளவனுக்குக் கேள்வி, சொத்து இல்லாதவனுக்குக் கடிதம். அதே ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் 105ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். வீட்டு நிர்வாகத்தில் மாற்றம் செய்யும்முன் கவுன்சில் தன் வாடகைக்காரர்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று பெருந்தன்மையோடு ஆரம்பிக்கிறது. பராமரிப்பு, சீர்திருத்தம், இடிப்பு, வசதிகள் எல்லாவற்றுக்கும் கேட்கவேண்டும். பிறகு அடக்கமாக ஒரு ‘ஆனால்’. வாடகை பற்றியும் சேவைகளுக்கான கட்டணம் பற்றியும் கேட்கவேண்டியதில்லை. பங்கேற்பு, பங்கேற்பு என்று இன்று உலக வங்கியிலிருந்து உள்ளூர் தொண்டு நிறுவனம்வரை முழங்குகிறார்களே, அதன் எல்லை எங்கே என்று தெரிய வேண்டுமானால் இந்த ஒரு பிரிவைப் படித்தால் போதும்.

குளத்தை உடைத்தது டோரிகள் இல்லை. டோனி பிளேரின் லேபர். 2002 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் வாடகைக்கு ஒரு சூத்திரம் வந்தது. 70 பங்கு அந்த வட்டாரத்தின் சராசரிக் கூலியை வைத்து, 30 பங்கு 1999 ஜனவரியில் அந்த வீட்டின் சந்தை மதிப்பை வைத்து, அறை எண்ணிக்கைக்கும் ஓர் எடை. வீட்டுக்கு மட்டும்தான் சூத்திரம். படிக்கட்டு, விளக்கு, லிஃப்ட் எல்லாம் அதிலிருந்து பிரித்துத் தனியாகக் காட்டப்படலாம், யார் அனுபவிக்கிறாரோ அவரே கட்டவேண்டும் என்றாயிற்று. ‘குளம் கலைப்பு’ என்று பொருள்படும் ஒரு சொல்லைத்தான் அலுவலகங்களில் இன்றும் புழங்குகிறார்கள். பிரிக்கும் நாளில் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்றார்கள். எடுத்துக்காட்டாக, வாரம் 60 பவுண்டு வாடகை என்றால் அதை 54 வாடகை, 6 சேவை என்று எழுதுவோம், கூட்டினால் அதே 60 தானே? வெளிப்படைத்தன்மை, நுகர்வோர் உரிமை, கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியவேண்டாமா? இதுல என்ன தப்புன்னு கேக்கலாம்.

தப்பு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. வாடகைக்கு மேலே மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கும். சேவைக்கு, இவ்வளவுக்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்ற அறிவுரைதான். 2016 முதல் நான்காண்டுக்கு வாடகையை ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைக்கச் சட்டம் போட்டார்கள். இந்த வாடகைகளில் குறைப்பு வீட்டு வரிக்குத்தான், கீழே வரும் வரிகளுக்கு அல்ல. 2023இல் விலைவாசி பத்து சதவீதத்தைத் தாண்டியதால் வாடகை உயர்வை 7 சதவீதத்தில் நிறுத்தினார்கள்; அப்போதும் சேவை வரிகளுக்கு அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. 1990 முதல் கவுன்சிலின் வீட்டுக் கணக்குக்கு உள்ளூர் வரிப்பணத்திலிருந்து ஒரு காசு தரக்கூடாது என்ற வேலி வேறு. நான்கு பக்கமும் அடைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் திறந்துவைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? கவுன்சில் அதிகாரிகள் எல்லோரும் வில்லன்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் அந்த ஒரு மடைதான் மிச்சம்.

இதைவிட ஆழமான மாற்றம் மனசுக்குள் நடந்தது. வரி பிரிந்தவுடன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சண்டை பிறந்தது. தரைத்தளத்துக்காரர் லிஃப்டுக்கு ஏன் கட்டவேண்டும்? டி.வி. பார்க்காதவர் ஆன்டெனாவுக்கு ஏன்? கேள்விகள் நியாயமானவை மாதிரியே ஒலிக்கின்றன. பதினோராவது மாடிக்கு ஒரு குடும்பத்தை அனுப்பியது ஒதுக்கீட்டு அலுவலகம். 1984 அறிக்கையை நினைவில் வைத்துப் பார்த்தால், எந்தத் தோல்நிறத்துக்கு எந்த மாதிரி வீடு என்பதும் அங்கேயே முடிவாகியிருக்கலாம். அந்தக் குடும்பம் இப்போது கீழ்வீட்டுக்காரரின் கண்ணில் லிஃப்டைத் ‘தின்கிற’ குடும்பம். கிளாஸ்கோவில் வீட்டுக்காரனுக்கு எதிராக நின்ற தெரு, இங்கே மாடிக்கு மாடி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிறது. அதிகாரம் தடியெடுத்து வரவில்லை, அட்டவணை எடுத்து வந்தது என்று நம் கோட்பாட்டு நண்பர்கள் சொல்லுவார்கள். சொல்லட்டும், இந்த இடத்தில் அது பொருந்தத்தான் செய்கிறது.

தண்ணீர் விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்ணீர் 1989இல் தனியார்மயமானது. பாக்கிக்காக வீட்டுத் தண்ணீரைக் கம்பெனிகள் வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1999இல் வீடுகளின் தண்ணீரை வெட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பல கவுன்சில்கள் தண்ணீர்க் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, தண்ணீர்க் காசை வாடகையோடு சேர்த்துத் தாங்களே வசூலித்துக்கொண்டிருந்தன. வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீர்க் காசும் ஒரு கடமையாக எழுதப்பட்டிருந்தால், அதைக் கட்டாதது வாடகைக்காரரின் ஒப்பந்த மீறல். ராச்டேலில் தண்ணீர்க் காசை வாடகையோடு கட்டமாட்டேன், கம்பெனியிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று நின்ற ஒருவருக்கு எதிராகப் பிறந்த, நிபந்தனையோடு நிறுத்திவைக்கப்பட்ட வெளியேற்ற உத்தரவை 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அதாவது தண்ணீர்க் கம்பெனிக்கு நேரடியாகக் கடன்பட்டவரின் குழாயை மூட முடியாது. கவுன்சில் வழியாகக் கடன்பட்டவரின் குழாயையும் மூட முடியாது, ஆனால் அந்தக் குழாய் இருக்கிற வீட்டைவிட்டே துரத்தலாம்.

சதர்க் கவுன்சிலில் வாடகைக்காரர் ஒருவர் எளிய கேள்வி ஒன்றோடு நீதிமன்றம் போனார். நீங்கள் தண்ணீர்க் கம்பெனியின் வசூல் ஏஜெண்டா, இல்லை தண்ணீரை வாங்கி எங்களுக்கு விற்பவரா? ஏஜெண்ட் என்றால் கமிஷன் வாங்கிக்கொள்ளலாம். விற்பவர் என்றால் 2006ஆம் ஆண்டு மறுவிற்பனை ஆணை பொருந்தும்: வாங்கிய விலைக்குமேல், மீட்டர் இல்லாத வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பென்ஸ் நிர்வாகச் செலவு, அவ்வளவுதான். தேம்ஸ் வாட்டர் கம்பெனி கவுன்சிலுக்குக் காலி வீடுகளுக்கென்று ஒரு கழிவும் வசூலுக்கென்று ஒரு கழிவும் கொடுத்திருந்தது. வாடகைக்காரர்களிடம் முழு விலை வாங்கப்பட்டது. 2016 மார்ச்சில் உயர்நீதிமன்றம் கவுன்சிலை மறுவிற்பனையாளர் என்று தீர்ப்பளித்தது. அதிகமாக வாங்கியதைப் பல்லாயிரம் வீடுகளுக்குத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. கிங்ஸ்டன் கவுன்சிலும் இதேபோன்ற வழக்கில் தோற்று மேல்முறையீடு போய் 2020இல் அங்கேயும் தோற்றது. இந்த வெற்றி எந்தச் சட்டத்தால் கிடைத்தது என்று பார்க்கவேண்டும். வாடகைக்காரர் என்ற முறையில் அவருக்குக் கேள்வி கேட்க வழியில்லை. தண்ணீர் வாங்குபவர் என்ற முறையில் இருந்தது. குடிமக்களாக அல்ல, நுகர்வோராக நின்றபோதுதான் நீதிமன்றம் காதுகொடுத்தது. நுகர்வோர் என்ற சொல்லை ஏளனமாகவே எழுதிப் பழகிய என்போன்றவர்களுக்கு இது சங்கடமான உண்மை. நான் இன்னும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கவில்லை.

சூட்டின் கதைக்கு வருவோம். 2022இல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை ஏறியபோது, சாதாரண வீடுகளின் எரிசக்தி விலைக்கு அரசின் ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த உச்சவரம்பு இருந்தது. ஒரே கொதிகலனிலிருந்து சூடு பெறும் கட்டடங்களுக்கு அது பொருந்தவில்லை. கவுன்சில் எரிவாயுவை வணிக விலைக்கு வாங்குகிறது. வணிகத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அந்த விலையேற்றம் அப்படியே சேவை வரியில் வந்து இறங்கியது. தனி அடுப்புக்காரன் சன்னலைச் சாத்தி அடுப்பை அணைத்துக்கொள்ளலாம். இவர்களில் பலர் வீட்டில் மீட்டரே இல்லை, அணைத்தாலும் அதே காசுதான். 2023இல் வந்த எரிசக்திச் சட்டம்தான் இந்தக் கட்டடங்களையும் ஆஃப்ஜெமின் பொறுப்பில் கொண்டுவந்தது. இன்னொரு நுணுக்கம்: வேலையில்லாதவர்க்கும் குறைந்த கூலிக்காரர்க்கும் அரசு தரும் உதவித்தொகை, வாடகையையும் லிஃப்ட், பொதுவிளக்கு, துப்புரவு வரிகளையும் ஏற்றுக்கொள்ளும். வீட்டுக்குள் வரும் சூட்டையும் தண்ணீரையும் ஏற்றுக்கொள்ளாது. எல்லாம் ஒரே கடிதத்தில் வருகிறது, ஒரே பாக்கியாகக் கூட்டப்படுகிறது. வாடகை முழுதும் அரசே கட்டும் ஒரு கிழவியும் பாக்கிக்காரியாக முடியும்.

மொழிபெயர்ப்பில் கடைசியில் ‘சேவை’யை அடித்துவிட்டேன். ‘பொதுச் செலவில் உங்கள் பங்கு’ என்று போட்டேன். அதுவும் முழு உண்மை இல்லை என்று தெரியும். பங்கு என்றால் பங்காளிக்குப் பேச்சுரிமை இருக்கவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதற்கு உதவித்தொகை உண்டு, இதற்கு இல்லை என்று நண்பரைக் கேட்டுக் குறித்தேன். தண்ணீர் வரி இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கவும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன்; மூலத்தில் அது இல்லை, மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடாத வேலை.

பத்து நாள் கழித்து நண்பர் பேசினார். கீழ்மண்டபத்தில் கூடி வாசித்தார்களாம். ஒன்பதாவது மாடி அம்மா ஒருவர், முழங்கால் வலிக்காரர், முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாராம்: “லிஃப்ட் ஓடாத கிழமையளுக்கு இந்தக் காசைக் கழிப்பினமோ?” நான் படத்தைத் திரும்ப எடுத்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்துவரை தேடினேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கவுன்சிலுக்கு அதையே ஒரு கடிதமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு.